ராத்திரியில் தானாக விழித்த கணினி: சத்துவாச்சாரி கடை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

புகார் முதலில் வந்தது யூபிஎஸ் பேரில். சத்துவாச்சாரியில் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு ஸ்டேஷனரி, ஜெராக்ஸ், டிடிபி கடை. ராத்திரி அரை மணி நேரம் கரண்ட் போனாலே யூபிஎஸ் படுத்துவிடுகிறது, திறந்து வைத்த ஃபைல் எல்லாம் போய்விடுகிறது, வேறு பெரிய யூபிஎஸ் வாங்கலாமா என்று கடைக்கார பாய் கேட்டார். பூட்டிய கடைக்குள் ராத்திரியில் கரண்ட் இழுக்க என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். "அதான் தம்பி தெரியல. தூங்க வெச்சுட்டுத்தான் பூட்டிட்டுப் போறோம். காலையில வந்தா சிஸ்டம் ஓடிக்கினு கீது" என்றார். அப்புறம் யூபிஎஸ் பேச்சை விட்டுவிட்டோம்.

கணினியை ஏன் ஷட்டவுன் செய்வதில்லை என்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. டிடிபி மேசையில் வேலை எப்போதும் பாதியில்தான் நிற்கும். குடியாத்தத்துக்குப் போக வேண்டிய கல்யாணப் பத்திரிகை, ஆம்பூர் தோல் கம்பெனிக்கு லேபிள், கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்ட் ரிப்போர்ட் என்று ஒரே நேரத்தில் பத்து ஃபைல் திறந்து கிடக்கும். எல்லாவற்றையும் மூடி, காலையில் மறுபடி திறந்து, எந்தத் திருத்தம் எதில் நின்றது என்று தேடுவது ஆபரேட்டர் அக்காவுக்கு ஆகாது. ஸ்லீப் போட்டால் காலையில் விட்ட இடத்திலேயே தொடரலாம். மேசைக் கணினியில் விண்டோஸ் வழக்கமாக ஹைபிரிட் ஸ்லீப் முறையில் தூங்கும். அதாவது ரேமில் இருப்பதை வன்தட்டிலும் ஒரு நகல் எழுதிவிட்டுத் தூங்கும். தூக்கத்தில் இருக்கும்போது கரண்ட் அடியோடு போனாலும் அந்த நகலிலிருந்து எல்லாம் மீண்டு வரும். இங்கே ஃபைல்கள் போனதற்குக் காரணம், கரண்ட் போன நேரத்தில் கணினி தூங்கிக்கொண்டிருக்கவில்லை என்பதுதான்.

எனக்கு முன்னால் பார்த்தவர் வைரஸ் என்று சொல்லி ஃபார்மட் அடித்திருந்தார். பலன் இல்லை. ஏன் பலன் இருந்திருக்க முடியாது என்பது பின்னால் புரியும்.

தூங்கியதா, தூங்கவே இல்லையா

காலையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியைப் பார்த்தால் இரண்டு கதைகள் சாத்தியம். ஒன்று, அது தூங்கி நடுவில் விழித்தது. இன்னொன்று, தூங்கவே இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், ஆனால் வைத்தியம் வேறு. கொஞ்சம் தேய்ந்த ஜாய்ஸ்டிக் ஒன்று சும்மா இருக்கும்போதே சிறு அசைவுகளை அனுப்பிக்கொண்டிருந்தால் கணினி தானாகத் தூங்கப் போகாமலே இருக்கக்கூடும். அங்கே விழிப்பைத் தேடுவதில் அர்த்தமில்லை.

இதைப் பிரித்துச் சொல்ல விண்டோஸின் ஈவென்ட் வியூவர் போதும். சிஸ்டம் பதிவுகளில் கெர்னல் பவர் என்ற பெயரில் 42 என்ற எண் இருந்தால் கணினி தூங்கப் போனது என்று பொருள். பவர் ட்ரபிள்ஷூட்டர் என்ற பெயரில் 1 என்ற எண் இருந்தால் விழித்தது. அந்தப் பதிவுக்குள்ளேயே தூங்கிய நேரம், விழித்த நேரம், எழுப்பியது எது என்று மூன்றும் இருக்கும். பாய் கடையில் 42 ஒவ்வொரு ராத்திரியும் கடை பூட்டும் நேரத்தில் ஒழுங்காக விழுந்திருந்தது. அதற்குப் பிறகு நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே, நாளுக்கொரு நேரத்தில் 1. ஆக, தூங்குகிறது, யாரோ எழுப்புகிறார்கள்.

நேரம் ஒழுங்கில்லாமல் இருந்ததே பாதி விடை. அப்டேட், பராமரிப்பு வேலை போன்றவை டைமர் வைத்து எழுப்பும்; அவை பெரும்பாலும் குறித்த நேரத்தில் வரும். கணினியின் தூக்கம், விழிப்பு விவரங்களைக் காட்டும் பவர்சிஎஃப்ஜி என்ற விண்டோஸ் கட்டளையோடு வேக்டைமர்ஸ் என்று சேர்த்துக் கேட்டால் காத்திருக்கும் டைமர்களைக் காட்டிவிடும். இங்கே ஒன்றும் இல்லை. நெட்வொர்க் கார்டும் எழுப்பும் வல்லமை உள்ளதுதான், ஆனால் கடை பூட்டும்போது மோடத்தையும் அணைத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது விசைப்பலகையும் மவுஸும்.

எழுப்பியது யார் என்ற கேள்வி

அதே பவர்சிஎஃப்ஜி கட்டளைக்கு லாஸ்ட்வேக் என்று கொடுத்தால் கடைசியாக எழுப்பியதைச் சொல்லும். சொன்னது: யூஎஸ்பி ஹோஸ்ட் கன்ட்ரோலர். பலர் இந்த இடத்தில் நின்றுவிட்டு மதர்போர்டைக் குறை சொல்லக் கிளம்புகிறார்கள். வீட்டுக்குள் வந்தது யார் என்று கேட்டால் "வாசல் வழியாக வந்தார்" என்று பதில் சொல்வது போன்றது இது. யூஎஸ்பியில் செருகிய எது எழுப்பினாலும் செய்தி கன்ட்ரோலர் வழியாகத்தான் போகும். பதிவில் விழுவது வாசலின் பெயர். ஆளின் பெயரை நாம்தான் தேட வேண்டும்.

எழுப்பும் முறையைக் கொஞ்சம் விளக்கிவிட்டால் பின்னால் வருவது எளிது. யூஎஸ்பி கம்பியில் 3 மில்லி செகண்ட் செய்தி எதுவும் இல்லாமல் போனால் சாதனம் தானும் உறங்கும் நிலைக்குப் போக வேண்டும் என்பது விதி. அப்படி உறங்கும் சாதனம், தன்னிடம் ஒரு அசைவோ அழுத்தமோ வந்தால், 1 முதல் 15 மில்லி செகண்ட் வரை கம்பியில் ஒரு குறிப்பிட்ட மின்நிலையை வைத்துக் காட்டலாம். அதுதான் "எழுந்திரு" என்ற சைகை. ஆனால் நினைத்த சாதனமெல்லாம் இதைச் செய்துவிட முடியாது. தன்னால் எழுப்ப முடியும் என்று சாதனம் முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். எழுப்பலாம் என்று இயங்குதளம் அனுமதியும் கொடுத்திருக்க வேண்டும். நம் கை போகக்கூடிய இடம் அந்த அனுமதி மட்டும்தான்.

அனுமதி பெற்றவர்கள் பட்டியலையும் பவர்சிஎஃப்ஜி தரும். டிவைஸ்கொயரி, வேக் ஆர்ம்ட் என்று கேட்க வேண்டும். டிடிபி சிஸ்டத்தில் இரண்டு விசைப்பலகை, ஒரு மவுஸ் என்று காட்டியது. மேசையில் பார்த்தால் விசைப்பலகை ஒன்றுதான்: டைப்ரைட்டர் முறையில் தமிழ் அடிக்க அக்கா பல வருஷமாக வைத்திருக்கும், எழுத்து தேய்ந்த, பிஎஸ்/2 முனை (யூஎஸ்பிக்கு முந்தைய வட்ட முனை) கொண்ட பழைய விசைப்பலகை. அதை மாற்றலாமே என்று சொன்னவர் யாரும் அந்தக் கடையில் தப்பித்ததில்லை. அப்படியானால் இன்னொரு விசைப்பலகை எங்கிருந்து வந்தது? டிவைஸ் மேனேஜரில் அதன் விவரங்களைத் திறந்து பேரன்ட் என்ற வரியைப் பார்த்ததும் தெரிந்தது. ஒயர்லெஸ் மவுஸின் டாங்கிள், அதாவது மவுஸ் சொல்வதை வாங்கிக்கொள்ள யூஎஸ்பி துளையில் செருகும் சின்னத் துண்டு. பெட்டியில் மவுஸ் மட்டும் வந்தாலும், விசைப்பலகையோடு ஜோடியாகவும் விற்கப்படும் டாங்கிள்கள் தங்களை மவுஸ் ஒன்று, விசைப்பலகை ஒன்று என்று இரண்டாக அறிமுகப்படுத்திக்கொள்வது சகஜம்.

சந்தேகம் மவுஸ் மேல் விழுந்தது. ஆனால் சந்தேகத்தை வைத்து எழுப்பும் அனுமதிகளை எடுக்க ஆரம்பித்தால், எது சரி செய்தது என்று கடைசிவரை தெரியாது. அதனால் அமைப்புகளில் கை வைக்காமல் பொருள்களை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொன்னேன். டாங்கிளைப் பிடுங்கி வைத்துப் பூட்டிய ராத்திரி கணினி எழவில்லை. டாங்கிளைச் செருகி, மவுஸின் அடியிலுள்ள சுவிட்சை அணைத்துப் பூட்டியபோதும் எழவில்லை. ஆக டாங்கிள் சும்மா இருந்து எழுப்பவில்லை. மவுஸ் ஏதோ சொல்கிறது, டாங்கிள் அதைக் கடத்துகிறது.

யாரும் தொடாத மவுஸ் என்ன சொல்லும்? இங்கேதான் மேசையைப் பார்க்க வேண்டும். மேசை மேல் முழுக்கக் கண்ணாடி. அடியில் ரேட் கார்டு, விசிட்டிங் கார்டு, போன வருஷக் காலண்டர். மவுஸ் பேட் கிடையாது. ஆப்டிகல் மவுஸ் என்பது அடியில் ஒரு சின்ன விளக்கும் ஒரு சின்னக் கேமராவும்தான். பரப்பைத் தொடர்ந்து படம் எடுத்து, ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து எவ்வளவு நகர்ந்தோம் என்று கணக்குப் போடும். மரத்திலோ காகிதத்திலோ இருக்கும் சொரசொரப்புதான் அதற்கு அடையாளம். வழவழப்பான கண்ணாடியில் அடையாளம் போதாது, ஒளி கண்டபடி பிரதிபலிக்கும், கணக்கு தடுமாறும். பேட்டரியை மிச்சப்படுத்த ஒயர்லெஸ் மவுஸ் சும்மா கிடக்கும்போது படம் எடுப்பதைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் அடியோடு நிறுத்தாது. நிறுத்தினால் நாம் கை வைத்ததும் அதற்குத் தெரியாதே. இடைவெளி விட்டு எடுக்கும் அந்தப் படங்களில் ஒன்று தவறாகக் கணக்கானாலும் "நகர்ந்தேன்" என்று செய்தி போய்விடும்.

இனி வெளியே பாருங்கள். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை. ராத்திரி கன்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் போகும் நேரம். அந்த அதிர்வு கடைத் தரை வழியாக மேசைக்கு வரும். கண்ணாடி அதை வாங்கிக்கொள்ளும். கணினியைத் தூங்க வைத்துவிட்டு, மவுஸைத் தொடாமல், கண்ணாடியின் மறு ஓரத்தில் விரலால் லேசாகத் தட்டினேன். எழுந்தது. பாய் தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு கடையில் விற்கும் பரீட்சை அட்டை ஒன்றை எடுத்து மவுஸுக்கு அடியில் வைத்துவிட்டுத் தட்டினேன். எழவில்லை. உள்ளங்கையால் ஓங்கி அடித்தாலும் எழவில்லை.

பரீட்சை அட்டையோடு விட்டுவிட்டிருக்கலாம்தான். ஆனால் அட்டை நாளைக்கே வாடிக்கையாளர் கைக்குப் போய்விடும், அது கடைப் பொருள். தவிர, இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது.

எழுந்தது சரி, திரும்பத் தூங்காதது ஏன்

டைமரோ நெட்வொர்க்கோ எழுப்பினால், ஆள் யாரும் இல்லை என்று விண்டோஸ் எடுத்துக்கொள்ளும். வழக்கமாக 2 நிமிஷம் பார்த்துவிட்டுத் தானே தூங்கிவிடும். இதற்கென்று ஒரு தனிக் கால அளவு உண்டு. சாதாரண அமைப்புத் திரையில் அது கண்ணில் படாது. ஆனால் விசைப்பலகையோ மவுஸோ எழுப்பினால் எதிரே ஆள் உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். அப்போது அந்த 2 நிமிஷக் கணக்கு செல்லாது. வழக்கமான "இத்தனை நிமிஷம் சும்மா இருந்தால் தூங்கு" என்ற கணக்குதான். வேலை நடுவே தூங்கிவிடுகிறது என்று அக்கா அதை "நெவர்" என்று வைத்திருந்தார். அதனால் 1 மணிக்கு ஒரு லாரி எழுப்பிவிட்ட கணினி காலையில் ஷட்டர் தூக்கும்வரை முழித்துக்கொண்டே இருந்தது. நடுவில் கரண்ட் போனால் முழு வேகத்தில் ஓடும் கணினியை யூபிஎஸ் தூக்கிச் சுமக்க வேண்டும். எவ்வளவு நேரம் சுமக்கும்?

இந்த இரண்டாவது விஷயம்தான் நஷ்டத்தை உண்டாக்கியது என்பது என் கருத்து. விழிப்பு ஒரு நிமிஷத்தில் முடிந்திருந்தால் யாரும் கவனித்தே இருக்க மாட்டார்கள்.

அனுமதியைத் திரும்ப வாங்கியது

டிவைஸ் மேனேஜரில் மவுஸின் பண்புகளைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் தாவலில் "அலவ் திஸ் டிவைஸ் டு வேக் த கம்ப்யூட்டர்" என்ற டிக்கை எடுத்தால் வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எடுத்துவிட்டுக் கண்ணாடியைத் தட்டினேன். எழுந்தது!

இதற்குக் காரணம் அந்த இரட்டை வேடம். யூஎஸ்பி 2.0 விதிப்படி எழுப்பும் அனுமதி முழுச் சாதனத்துக்கும் சேர்த்து ஒன்றுதான். அதன் பாகங்களுக்குத் தனித்தனி கிடையாது. மவுஸ் பாகத்துக்கு விண்டோஸ் வேண்டாம் என்று சொன்னாலும், விசைப்பலகைப் பாகத்துக்குச் சரி என்று சொல்லியிருக்கும்வரை டாங்கிளுக்கு அனுமதி உண்டு. எந்தப் பாகத்துக்காகக் கொடுத்த அனுமதி என்று டாங்கிள் யோசிப்பதில்லை. அந்தப் பொய் விசைப்பலகையின் டிக்கையும் எடுத்த பிறகுதான் அடங்கியது. கட்டளைத் திரையில் செய்வதானால் டிவைஸ்டிஸேபிள்வேக் என்ற சொல்லோடு சாதனத்தின் பெயரை, பட்டியலில் வந்தபடியே, மேற்கோள் குறிக்குள் கொடுக்க வேண்டும். அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்திருக்க வேண்டும்.

பிஎஸ்/2 விசைப்பலகையின் அனுமதியைத் தொடவில்லை. காலையில் அக்கா ஸ்பேஸ் பாரைத் தட்டினால் கணினி எழ வேண்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு "பவர் பட்டனை அமுக்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டு வருவது எனக்குச் சரியாகப் படுவதில்லை. பட்டனைக் கொஞ்சம் அதிக நேரம் அமுக்கிவிட்டால் கணினி அணைந்தே போகும், பிழைக்க வைத்த ஃபைல்கள் மறுபடி போகும். "நெவர்" என்று இருந்ததையும் 1 மணி நேரமாக மாற்றினேன். அக்கா சம்மதித்தது அரை மனசோடுதான்.

ஃபார்மட் ஏன் உதவவில்லை என்பது இப்போது தெளிவு. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் எழுப்பும் அனுமதி பழையபடி கிடைத்துவிடும். ஃபார்மட் அடித்தவர் கடையை வைரஸிலிருந்து காப்பாற்றினாரோ இல்லையோ, மவுஸுக்கு அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்தார்.

இதே வழியைப் புது மடிக்கணினிகளில் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: பவர்சிஎஃப்ஜிக்கு ஏ என்ற ஒற்றை எழுத்தைக் கொடுத்துப் பாருங்கள். எஸ்3 என்ற பழைய தூக்கம் இல்லை, எஸ்0 என்ற புது முறைதான் உண்டு என்று வந்தால், மேலே சொன்ன தாவலே பல சாதனங்களில் காணாது. அங்கே தேட வேண்டிய இடம், பவர்சிஎஃப்ஜியே தரும் ஸ்லீப்ஸ்டடி என்ற தூக்க அறிக்கை.

பில்லிங் கவுன்டரில் வேறு கதை

டிடிபி மேசை அடங்கியதும் பாய் கவுன்டரைக் காட்டினார். அங்கே லினக்ஸ். தூங்கச் சொன்னால் திரை அணையும், மூச்சு விடுவதற்குள் மறுபடி வரும். அதனால் அதைத் தூங்க வைப்பதையே விட்டுவிட்டார்கள்.

லினக்ஸில் விஷயம் இன்னும் வெளிப்படை. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பதிவில் "சஸ்பெண்ட் என்ட்ரி", "சஸ்பெண்ட் எக்சிட்" என்ற இரண்டு வரிகள் அடுத்தடுத்து நின்றன. தூங்கியது, உடனே எழுப்பப்பட்டது. இதற்கு எங்கே கேட்டாலும் கிடைக்கும் வைத்தியம், ப்ராக் அடைவில் ஏசிபிஐக்குள் இருக்கும் வேக்அப் கோப்பில் எக்ஸ்எச்சி என்று எழுதி, யூஎஸ்பி கன்ட்ரோலரின் அனுமதியையே பறிப்பது. அது வேலை செய்யும். கூடவே யூஎஸ்பி விசைப்பலகையாலும் எழுப்ப முடியாமல் போகும். இன்னொரு வம்பும் உண்டு: அந்தக் கோப்பில் எழுதுவது சுவிட்ச் மாதிரி, ஒரு தடவை எழுதினால் அணையும், இன்னொரு தடவை எழுதினால் மறுபடி எரியும். பூட் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்ட் தவறிப்போய் இரண்டு முறை ஓடினால் எதுவும் மாறியிருக்காது.

ஆளைத் தேடுவதே நல்லது. சிஸ் அடைவில் பஸ், யூஎஸ்பி, டிவைசஸ் என்று இறங்கினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு அடைவு இருக்கும். அதற்குள் பவர் என்பதில் வேக்அப் என்ற கோப்பு அனுமதி உண்டா இல்லையா என்று சொல்லும். பக்கத்திலேயே எத்தனை முறை எழுப்பியது என்ற எண்ணிக்கைக் கோப்பும் இருக்கும். கணினியைத் தூங்க வைத்து, எழுந்ததும் அந்த எண்ணிக்கைகளைப் பார்த்தேன். விசைப்பலகையின் எண் அசையவில்லை. கூடியிருந்தது பார்கோடு ஸ்கேனருடையது.

ஸ்கேனருக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? யாரும் கொடுக்க வேண்டியதில்லை. பார்கோடு ஸ்கேனர் கணினிக்கு முன்னால் தன்னை விசைப்பலகை என்றுதான் சொல்லிக்கொள்ளும்; பார்கோடில் இருக்கும் எண்களைத் தட்டச்சு செய்வது போல அனுப்புவது அதன் வேலை. விசைப்பலகை என்று சொல்லும் யூஎஸ்பி சாதனத்துக்கு லினக்ஸ் கெர்னல் எழுப்பும் அனுமதியைத் தானே கொடுத்துவிடும். இந்த ஸ்கேனர் ஸ்டாண்டில் நின்று, பொருளைக் காட்டினால் தானே படிக்கும் தானியங்கி நிலையில் இருந்தது. டிராயரில் கிடந்த அதன் கையேட்டை எடுத்து, விசையை அமுக்கினால் மட்டும் படிக்கும் நிலைக்கு மாற்றும் பார்கோடை அதற்கே காட்டினேன். அதன்பின் கணினி தூங்கியது, தூங்கிக்கொண்டே இருந்தது.

ஆனால் கவுன்டரில் நிற்கும் பையனுக்குத் தானியங்கி நிலைதான் வேண்டும். ஒரு கையில் பொருள், ஒரு கையில் காசு. விசையை அமுக்க மூன்றாவது கை ஏது? அதனால் ஸ்கேனரைப் பழைய நிலைக்கே திருப்பிவிட்டு, யூடெவ் விதி ஒன்றை, அதாவது ஒரு சாதனம் செருகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் வரியை, எழுதினேன். ஸ்கேனரின் தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் கொண்ட சாதனம் எந்தத் துளையில் செருகப்பட்டாலும் அதன் வேக்அப் கோப்பில் "டிஸேபிள்ட்" என்று எழுது என்பது விதி. அந்த இரண்டு எண்களும் யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் கட்டளையிலேயே கிடைக்கும். விசைப்பலகைக்கு அனுமதி அப்படியே இருக்கிறது.

ரம்ஜானுக்கு முன்னால்

லினக்ஸ் பக்கம் இதுவரை தொந்தரவு இல்லை. டிடிபி மேசையில் ஒரு முறை திரும்ப வந்தது. ரம்ஜானுக்கு முன்னால் கடைக்கு வெள்ளை அடித்தார்கள். எல்லாவற்றையும் கழற்றி, திரும்ப மாட்டினார்கள். மறுநாளே "தம்பி, மறுபடியும் ஓடிக்கினு கீது" என்று போன். டாங்கிள் வேறு துளைக்குப் போயிருந்தது. தனக்கென்று சீரியல் எண் இல்லாத யூஎஸ்பி சாதனம் வேறு துளையில் செருகப்பட்டால் விண்டோஸ் அதைப் புதிய சாதனமாகவே பதிவு செய்யும். நாம் எடுத்த டிக் பழைய பதிவோடு நின்றுவிடும். யூடெவ் விதி போலத் துளையைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கும் வழி இங்கே இல்லை.

டாங்கிளைப் பழைய துளைக்கே மாற்றி, அந்தத் துளைக்கு மேல் மார்க்கரில் ஒரு கோடு போட்டேன். அனுமதிப் பட்டியலைக் காட்டும் கட்டளையை ஒரு பேட்ச் ஃபைலில் போட்டு அக்காவின் டெஸ்க்டாப்பில் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை கிளிக் செய்தால் பட்டியல் வரும். பிஎஸ்/2 விசைப்பலகை தவிர வேறு பெயர் இருந்தால் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். பெரிய யூபிஎஸ் வாங்கவில்லை. பழையதற்கு பேட்டரி மட்டும் மாற்றினோம்.